மணக்காத பெயிண்ட்

சுவரில் மூக்கை வைத்து மூன்றாவது தடவையாக மோந்து பார்த்தார் புரூஃப் ரீடர். சந்தேகமே இல்லை. நாற்றம்தான்.

"வாசனையே வராதுன்னு சொல்லித்தானே அந்தக் கடைக்காரன் நம்ம தலையில கட்டினான்?"

மனைவி பதிலுக்குத் தும்மினாள். மகள் நாளை மறுநாள் கைக்குழந்தையோடு வருகிறாள். பச்சைப் பிள்ளை மூச்சுக்கு ஆகாது என்றுதான் இரண்டு மடங்கு விலை கொடுத்து இந்தப் பெயிண்ட்டை வாங்கினார்கள்.

முப்பது வருஷமாக அடுத்தவர் தப்பைப் பிடித்தே சம்பளம் வாங்கியவர் சும்மா இருப்பாரா? காலி டப்பாவைத் திருப்பிப் படித்தார். 'சுற்றுசூழலுக்கு உகந்தது.'

"பார்த்தியா! நடுவுல 'ச்' இல்லை. ஒற்றையே முழுங்கினவன் வேற எதைத்தான் முழுங்கமாட்டான்? போலி!"

நேரே கடைக்குப் போனார். கடைக்காரர் புது டப்பாவைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒரு வாசனையும் இல்லை.

"என் சரக்கு சுத்தம் சார்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அடிக்கிற ஆளைக் கொஞ்சம் கவனிங்க."

அது போதாதா? வீடு திரும்பியதும் பெயிண்டரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா கலந்தே இதுல?"

"தண்ணிதான் சார். இதுக்குத் தின்னரே வேணாம்" என்றார் பெயிண்டர்.

புரூஃப் ரீடர் அவர் கையை மோந்தார். பிரஷ்ஷை மோந்தார். சட்டையை மோந்துவிட்டு வாயை ஊதச் சொன்னதும், பெயிண்டர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பாதி ஹால் மிச்சம். புது டப்பா வாங்கி வந்து தானே அடித்தார். சுவரில் பாதி, மூக்குக் கண்ணாடியில் பாதி. நாற்றம் மட்டும் அசையவில்லை.

"காத்தாவது வரட்டும்" என்று எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்தார். இப்போது கண்ணே எரிந்தது.

"பேசாம அவளை வரவேணாம்னு சொல்லிடவா?" என்றாள் மனைவி. முதல் பேத்தி. இன்னும் முகம்கூடப் பார்க்கவில்லை.

புரூஃப் ரீடருக்கு ரோஷம் வந்தது. கரண்டியை எடுத்தார். சாயங்காலத்துக்குள் அடித்த பெயிண்ட் முழுவதையும் இருவருமாகச் சுரண்டித் தள்ளினார்கள். ஹால் அம்மை போட்ட முகம்போல் நின்றது.

வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டு அம்மாள், வாயெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப தேங்க்ஸ் சார்! உங்க வீட்டுல பெயிண்ட் வேலைன்னதும்தான் எங்களுக்கு தைரியமே வந்துச்சு. ரெண்டு நாளா எங்க கதவு, ஜன்னல் அத்தனைக்கும் வார்னிஷ் அடிச்சு முடிச்சுட்டோம். எப்படியும் நாத்தத்துலதானே இருக்கீங்க, இது தனியா தெரியவா போகுது!"