உம்மாவோடு போய்ப் பிடித்த நாடி

கலியாணம் முடிக்காத டொக்டர், எங்கள் பக்கத்தில் ஒரு குமர்ப்பிள்ளையின் சுகத்தை விசாரிக்கவே கூடாது. இதைக் கொழும்பில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் ஊர் மருதமுனைதான் சொல்லித் தந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் கொழும்பில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தேன் (முடிக்கவில்லை, ஆனாலும் லீவில் வந்தால் கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டுதான் கல்முனைச் சந்தைக்குப் போவேன்). இதயத்துக்குள் இரத்தம் ஏன் உறைகிறது, அப்படி உறைந்தால் பிறகு என்ன ஆகிறது என்று எங்கள் பேராசிரியர் ஆராய்ந்துகொண்டிருந்தார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்டவர்களுக்கு இதய வால்வு சுருங்கிவிடலாம். துடிப்பு தாறுமாறாகும், உள்ளே தேங்கும் இரத்தம் உறையும். அதில் ஒரு துண்டு மூளைக்குப் போனால் பாரிசவாதம், உடம்பில் ஒரு பக்கமே விழுந்துவிடும். "உன் ஊரில் இதற்கு மருந்து எடுத்தவர்களைத் தேடி விசாரி" என்று அனுப்பினார்.

முதலில் விசாரித்தது நெசவுக்கார இஸ்மாயில் காக்காவின் மகள் சலீமாவை. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவள், இப்போது மருந்தை நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். குமர் இருக்கும் வீட்டுக்குத் தனியாகப் போகக் கூச்சப்பட்டு உம்மாவைக் கூப்பிட்டேன். உம்மா பட்டுச் சேலை உடுத்து, ஒரு தட்டு நிறையத் தொதல் இனிப்போடு புறப்பட்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை. மரமண்டை.

எங்களைக் கண்டதும் தறிகள் நின்றன. புதுப் பாய் விரித்தார்கள். நான் உடனே ஆராய்ச்சியில் இறங்கினேன்.

"மகளுக்குச் சின்ன வயசில மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா?"

"அல்லாஹ்ட காவல்! என்ட புள்ளைக்கு ஒரு தலையிடி கூட வந்தல்ல தம்பி" என்றார் இஸ்மாயில் காக்கா.

"ஆஸ்பத்திரியில நிண்டவவாமே?"

"அது அவட மாமிக்குத் துணைக்கு நிண்டது."

"நடந்தா மூச்சு வாங்குமா?"

"ஆருக்கு, அவளுக்கா? புள்ள சலீமா! கிணத்தில ரெண்டு வாளி அள்ளிட்டு வா!"

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. உம்மா என் பக்கம் சாய்ந்து, "நிறமும் நல்லாத்தான் இரிக்கி, மகன்" என்றபோதுதான் பட்டுச் சேலையும் தொதலும் எதற்கென்று விளங்கியது. அதற்குள் சலீமா இரண்டு கையிலும் வாளியோடு வந்துவிட்டாள். உதடு நீலம். வாளிகளை வைத்துவிட்டுத் தூணைப் பிடித்தாள்.

நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன். அத்தனை பேருக்கும் முன்னால்.

"கைய விடுடா!" உம்மா அலறினார்.

"பொறுங்க உம்மா, எண்ணுறன்!"

நாடியை எண்ணவே முடியவில்லை. ஓடியது, நின்றது, தடுக்கியது. எனக்குப் பயம் பிடித்தது. இஸ்மாயில் காக்கா எழும்பி நின்றார். "கையப் புடிச்சிட்டீங்க தம்பி. இனி என்ன கதை?"

"நான் பொண்ணு பார்க்க வரல்ல, காக்கா. வருத்தம் பார்க்க வந்தன்."

சலீமாதான் மூச்சு வாங்கியபடி கதைத்தாள். "ஓம் வாப்பா, எனக்கு உடம்புக்கு ஏலாது. மருந்துப் போத்திலக் கண்டா ஆரும் பொண்ணு கேட்டு வரமாட்டாங்க எண்டு நீங்கதானே ஒளிச்சு வெச்சீங்க?"

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மகளுக்கு ஒரு வாழ்வு வேண்டும் என்றுதான் அந்த மனிதர் மகளின் உயிரோடு விளையாடியிருக்கிறார். அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. அன்று பின்னேரமே ஒளித்த போத்தல் வெளியே வந்தது. அடுத்த கிழமை வாப்பாவும் மகளும் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏறினார்கள்.

இரத்தம் உறைவதற்கான காரணங்களில் 'கலியாணப் பேச்சு' என்றும் எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் சிரித்துவிட்டு வெட்டினார். அதை அவர் வெட்டியிருக்கக் கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சலீமா பிழைத்தாள். எல்லாம் தெரிந்தே ஒருவர் கேட்டு வந்து அவளைக் கலியாணம் முடித்தார். பல வருடம் கழித்து, உறைந்த இரத்தத் துண்டொன்று அவளுடைய இடது கையை முடக்கியது. ஒவ்வொரு பெருநாளுக்கும் நான் போனால் வலது கையை நீட்டுவாள்: "புடிங்க டொக்டர், இன்னும் ஓடுதா எண்டு பாருங்க."

என் வீட்டில் கதை வேறு. நான் யாருடைய நாடியைப் பிடித்தாலும், மனைவி குசினியில் சமைத்தபடியே குரல் கொடுப்பாள்: "தொதல் கொண்டு போனீங்களா?"