சக்கர நாற்காலியும் மருந்துக்கடைக்காரரும்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், என் தூக்கம் ஒன்றைத் தவிர. அத்தானின் முழங்கால் தேவலையா?

விஷயம் என்னவென்றால், வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்களே, அதை நம்பி மோசம் போனேன். இங்குள்ள ஆஸ்பத்திரிக்கு ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று மூச்சு விடக்கூடாது என்று மேட்ரனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அந்த அம்மாள் இவ்வளவு நேர்மையாக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வண்டியிலிருந்து இறக்கும்போது எதிர்க்கடை மருந்துக்காரர் ஒரு கை பிடித்தார், அவ்வளவுதான், அவர்தான் கொடுத்தார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அவராவது இல்லை என்று சொல்ல வேண்டாமா? யார் பாராட்டினாலும் தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாம் கடவுள் செயல்" என்கிறார். அதில் பொய் என்று எதைப் பிடிப்பது?

எனக்கு வயிறு எரிகிறது, அக்கா. தினமும் காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்து, யார் ஏறுகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுக்கிறேன். உன் தம்பி பெண்டாட்டி, "நாற்காலியக் குடுத்துட்டீங்க, மனச மட்டும் அதுலயே உக்கார வச்சிருக்கீங்களே" என்கிறாள். நேற்று துடைத்த ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். என்னை அதே நாற்காலியில் தூக்கி வைத்துத் தள்ளிக்கொண்டே நர்ஸ், "மருந்துக்கடைக்காரர் புண்ணியம், தாத்தா" என்றாள். ஒரு நொடியில் வலி பறந்துவிட்டது, கோபம்தான் மிச்சம்.

அப்போது வாசலில் ஓர் அம்மாள், கட்டுப் போட்ட காலைத் தூக்கிப் பிடித்தபடி, சுவரில் சாய்ந்து நாற்காலிக்காகக் காத்து நின்றார். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் வாங்கினேன். அவர் நிற்கிறார், நான் உட்கார்ந்திருக்கிறேன், அப்போதும் என் நெஞ்சுக்குள் மருந்துக்கடைக்காரர்தான் ஓடிக்கொண்டிருக்கிறார். வெட்கமாகப் போய்விட்டது, அக்கா. நொண்டிக்கொண்டே இறங்கி அவருக்குக் கொடுத்தேன். நான் கொடுத்தது தர்மமா, என் பெயருக்குப் போட்ட விளம்பரமா என்று நீதான் சொல்ல வேண்டும். இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். நீயும் படித்ததும் கிழித்துவிடு.

குழந்தைகளுக்கு ஆசிகள். அத்தானுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் பசை கிடைக்கவில்லை, அப்படியே அனுப்புகிறேன். எங்கள் தபால்காரர் திறந்த கடிதத்தைப் படிக்காமல் விடமாட்டார், படித்ததை நாலு தெருவுக்குச் சொல்லாமலும் இருக்கமாட்டார். என்ன செய்வது? பசை அலமாரியில்தான் இருக்கிறது என்று அவள் கத்துகிறாள். என் கண்ணில் படவில்லை.