சும்மா தண்ணீர்

ஒரு சொட்டுக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. தெரியாது என்று சொல்லாதீர்கள், நான் நம்பமாட்டேன். அடுப்பில் கொதிப்பது பதமாக இருக்கிறது என்று நாலு பேர் ருசி பார்த்துச் சொன்ன பிறகும், கரண்டியை வாங்கி, வாயில்கூட வைக்காமல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவுகிறவர். அழகாகப் பேசி முடித்துக் கைதட்டலும் வாங்கி, உட்காரப் போனவர் திரும்பி வந்து மைக்கைத் தட்டி ‘இன்னும் ஒரே ஒரு வார்த்தை’ என்கிறவர். சண்டை சமாதானமாகி எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, ‘இருந்தாலும் அன்னிக்கு நீ அப்படிப் பேசியிருக்கக் கூடாது’ என்று எடுத்துக்கொடுக்கிறவர். எல்லாம் ஒரே குடும்பம். சரியாக இருப்பதைச் சரியாக இருக்க விடமாட்டார்கள். கெட்ட எண்ணமா? பாவம், துளியும் கிடையாது. கெட்ட எண்ணம் என்றால் நாலு வார்த்தை திட்டித் திருத்திவிடலாம். நல்ல எண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத மாதிரி வேண்டுமென்றால் நம் கண்ணாடிக்காரரைத்தான் காட்டவேண்டும். கட்டடங்களின் ஜன்னல் கண்ணாடி கழுவுவது அவர் தொழில். தொழில்காரர்கள் மத்தியில் அவருக்குச் ‘சொட்டு’ என்று பெயர். மனைவிக்கு மட்டும் ‘ஏங்க’. வண்டி ஓட்டுவது, போனில் பேசுவது, டேங்க் நிரப்புவது எல்லாம் அந்த அம்மாள்தான். போன வருஷம் அவர் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதிலிருந்து, அந்த ஏணி இருக்கும் பக்கமே அவள் திரும்புவதில்லை. அதனால்தான் இருவரும் சேர்ந்து சுத்தத் தண்ணீர் மெஷின் ஒன்று வாங்கினார்கள்.

மெஷினின் சூட்சுமம் இவ்வளவுதான். குழாய்த் தண்ணீர் ஒரு பக்கம் உள்ளே போகும். அதிலுள்ள உப்பு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டு, மறுபக்கம் தண்ணீர் என்ற ஒன்றை மட்டும் வெளியே விடும். சின்ன மீட்டர் ஒன்று பூஜ்யம் காட்டும். அந்தத் தண்ணீர் நீளமான கம்பு வழியாக மேலே ஏறி, நுனியிலுள்ள பிரஷ்ஷில் கொட்டும். தரையில் நின்றபடியே தேய்த்து, அலசி, அப்படியே விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். துணி போட்டுத் துடைக்க வேண்டாம். தண்ணீரில் ஒன்றும் இல்லாததால், காய்ந்த பிறகு கண்ணாடியிலும் ஒன்றும் இருக்காது.

“இதுல எதையும் கலக்காதீங்க சார். ஒண்ணும் இல்லாததுதான் இதுல சரக்கே” என்றார் மெஷின் விற்றவர்.

நம்மவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் இந்த இனத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாவது வாரம் ஒரு வாடிக்கையாளர் பால்கனியில் நின்று எட்டிப் பார்த்து, “என்னங்க, சும்மா தண்ணியிலயா கழுவுறீங்க?” என்று கேட்டுவிட்டார். அந்தச் ‘சும்மா’ நம்மவர் நெஞ்சில் போய்க் குத்தியது. இத்தனை வருஷத் தொழில், முறிந்து கூடிய மணிக்கட்டு, கடன்பட்டு வாங்கிய மெஷின், எல்லாம் சும்மாவா? நுரை இல்லை, வாசனை இல்லை, நீல நிறம் இல்லை. வேலை செய்தவன் என்று ஒருவன் இருந்ததற்கே அடையாளம் இல்லையே! அன்று சாயங்காலமே எலுமிச்சை வாசனையில் ஒரு சோப்புத் திரவ பாட்டில் வண்டியின் சீட்டுக்கடியில் குடியேறியது.

“பூஜ்யம் வர்ற வரைக்கும் வடிகட்டுறோம். பூஜ்யம் வந்ததும் நீங்க சோப்பை ஊத்துறீங்க. அப்புறம் மெஷின் எதுக்கு?” என்றாள் மனைவி.

“ஊத்தலடி. சும்மா ஒரு சொட்டு.”

கவனித்தீர்களா? தண்ணீர் சும்மா இருந்தால் கேவலம். சொட்டு மட்டும் சும்மா விழலாம்.

இந்த நிலையில்தான் அந்தக் கண் ஆஸ்பத்திரி வேலை வந்தது. நாலு மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி. முதலில் கீழ்த்தளத்தில் நோயாளிகள் காத்திருக்கும் ஹாலின் பெரிய கண்ணாடியைக் கழுவிக் காட்ட வேண்டும். டாக்டரம்மாவுக்குப் பிடித்துவிட்டால் வருஷம் பூராவும் வேலை. அது மட்டும் கிடைத்தால், ஏணி போட்டு ஏறவேண்டிய உள்பக்க வேலைகள் எல்லாவற்றையும் விட்டுவிடலாம். “ஏணியை வித்துடலாங்க” என்று மனைவி முந்தின நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது அவள் கண் அவர் மணிக்கட்டின் மேல்தான் இருந்தது. அது அவருக்கும் தெரிந்தது. அவருக்கும் அந்த ஏணி வேண்டாம்தான்.

காலையில் டேங்கையும் மெஷினையும் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, அவள் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. டேங்கின் மூடி திறந்திருந்தது. உள்ளே பளிங்குபோல் தண்ணீர், வெறும் தண்ணீர். இவ்வளவு முக்கியமான வேலைக்கு இவ்வளவு வெறுமையாகவா போவது? சீட்டுக்கடியிலிருந்து எடுத்து வைத்திருந்த பாட்டிலைத் திறந்து, ஆஸ்பத்திரி ஆயிற்றே என்று ஒரு சொட்டு விட்டார். டாக்டரம்மாவுக்கு மரியாதையாக ஒன்று. இரண்டோடு நிறுத்தினால் ஏதோ அரைகுறையாகப் பட்டது. மூன்றாவது சொட்டு விடும்போது பாட்டில் ‘குபுக்’கென்றது. எத்தனை சொட்டு என்று கேட்காதீர்கள். அவர் மனசாட்சிப்படி அது ஒரு சொட்டுதான்.

நுரை பொங்கியது. அவர் முகம் மலர்ந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு அலசினார். எந்தத் தண்ணீரில்? அதே டேங்க் தண்ணீரில்தான். அழுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, சோப்பைச் சோப்புத் தண்ணீராலேயே அலசிவிட்டு, கை கழுவ உள்ளே போனார்.

வெயில் வந்தது. கண்ணாடி காய்ந்தது.

ஹாலில் அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி ஒரு வரிசை நாற்காலி. முந்தின நாள் கண்புரை ஆபரேஷன் ஆனவர்களைக் கட்டுப் பிரித்து அங்கேதான் உட்காரவைத்திருந்தார்கள். முதல் நாற்காலியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கண்ணைத் திறந்தார். எதிரே பார்த்தார்.

“டாக்டரம்மா, பனி போகலியே!” என்று அலறினார்.

“எனக்கும் அப்படித்தான் இருக்கு” என்றாள் அடுத்த நாற்காலி அம்மாள். மூன்றாவது ஆள், “கட்டை மறுபடி போட்டுடுங்க, அதுவே தேவலை” என்றார். டாக்டரம்மா ஓடிவந்தார். டிரைவரைச் சுவரிலுள்ள எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அவர் கடைசி வரிவரை தடதடவென்று படித்தார்.

“எல்லாம் தெரியுதே, அப்ப பனி எங்க இருக்கு?”

“அதோ, அங்க!” என்று ஜன்னலைக் காட்டினார் டிரைவர். டாக்டரம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்தார்.

கை துடைத்துக்கொண்டு வந்த நம்மவரும் பார்த்தார். வெள்ளையாய் ஒரு மூட்டம். வேறு யாராவதாக இருந்தால் உடனே சோப்பு பாட்டில் ஞாபகத்துக்கு வந்திருக்கும். ஆனால் ஒரு சொட்டுக்காரர்கள் சொட்டைச் சந்தேகிப்பதில்லை. உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் சந்தேகித்த பிறகுதான் அதற்கு வருவார்கள். நமக்கும் வயசாகிறதே என்று நினைத்துக்கொண்டார். போய் டோக்கன் எடுத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார்.

“உங்க கண்ணு ரொம்ப நல்லா இருக்கு. கண்ணாடிதான் மோசம்.”

“நான் கண்ணாடியே போடறதில்லையே டாக்டர். புதுசா மாத்தணுமா?”

“மாத்த வேண்டாம். கழுவணும்” என்று ஜன்னலைக் காட்டினார். “அதை யாரு கழுவுனது?”

ஹால் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் மெல்லக் கையைத் தூக்கினார். ஏணியும், விற்றுவிடலாம் என்று சொன்ன குரலும் மட்டும் ஞாபகத்தில் வந்து நின்றன.

வெளியே, எங்கோ தொலைவில் இடம் பிடித்து வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்த மனைவி கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தாள். டேங்க்கில் மிதந்த நுரையை ஒரு பார்வை பார்த்தாள். யாரையும் கூப்பிடவில்லை. டேங்க்கைக் கவிழ்த்து, ட்யூபில் மிச்சமிருந்த சோப்பையெல்லாம் ஓடவிட்டு, மெஷினிலிருந்து புதிதாகப் பிடித்துக் கம்பைத் தூக்கினாள். மேலிருந்து கீழாக அலசிக்கொண்டே வந்தாள். மூட்டம் தண்ணீரோடு வழிந்து இறங்கியது. மரம் தெரிந்தது. எதிர்க்கடைப் பலகை தெரிந்தது.

“தெரியுது! தெரியுது!” என்று எழுந்து டாக்டரம்மாவைக் கும்பிட்டார் டிரைவர். வரிசையே கைதட்டியது. செய்யாத வைத்தியத்துக்குப் புகழ் வாங்கிய சங்கடத்தோடு டாக்டரம்மா நம்மவர் பக்கம் திரும்பினார்.

“அவங்க என்ன போட்டுக் கழுவுறாங்க?”

அவர் வாழ்க்கையிலேயே சொல்லக் கஷ்டப்பட்ட வாக்கியம் அதுதான். ஆனாலும் சொல்லிவிட்டார்.

“ஒண்ணும் போடல டாக்டர். சும்மா தண்ணி.”

“அப்ப அதுலயே கழுவுங்க. வேலை உங்களுக்குத்தான்.”

முடிந்தது. கும்பிட்டுவிட்டுக் கிளம்பவேண்டியதுதானே? எல்லாம் சரியாக இருக்கிறது. சரியாக இருப்பதுதான் அவருக்கு ஆகாதே. “ரொம்ப சந்தோஷம் டாக்டர். வாசனைக்கு வேணும்னா சும்மா ஒரே ஒரு...” என்று ஆரம்பித்தவர், ஏதோ உறுத்த, ஜன்னல் பக்கம் பார்த்தார். கண்ணாடி காய்ந்திருந்தது. கண்ணாடி என்ற ஒன்று அங்கே இருப்பதே தெரியவில்லை. வெளியே கம்பை ஊன்றிக்கொண்டு நின்ற மனைவியின் முகம் புருவம் உள்படத் துல்லியமாகத் தெரிந்தது. இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு சுத்தமான கண்ணாடியை அவர் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டார். அந்த வாரமே ஏணி கைமாறியது.

நல்ல முடிவு, இல்லையா? இதோடு நான் பேனாவை மூடியிருக்க வேண்டும். நீங்களும் புன்னகையோடு பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். ஆனால், ‘எல்லாம் சரி, அந்த டாக்டரம்மா கடைசியில் நறுக்கென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்’ என்று உங்களுக்குத் தோன்றியதே, அது என்ன? சரி, நகர்ந்து உட்காருங்கள், பக்கத்தில் எனக்கும் இடம் வேண்டும். முடிந்துபோன கதைக்குக் கீழே இந்தப் பத்தியை நான் வேறு எதற்காக எழுதினேன் என்று நினைக்கிறீர்கள்? சும்மா, ஒரு சொட்டு.