பூண்டுப் பூரணம்

கடவுளுக்கே ரூல்ஸ் சொல்லிக் கொடுக்கிற ஆட்கள் சிலர் உண்டு. நான் அந்தக் கட்சியின் மான்மவுத் ஜங்ஷன் கிளைச் செயலாளராக இருந்தவள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். (கிளையில் உறுப்பினரும் நான் ஒருத்திதான்.)

நங்கநல்லூரில் இருந்தவரை எனக்கு இவ்வளவு ஆசாரம் கிடையாது. நியூ ஜெர்சியில் இந்த மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்த பிறகுதான் முற்றியது. நைவேத்தியத்தை ருசி பார்க்கக் கூடாது, முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது, முதல் வாசனை சாமிக்குத்தான் என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்த வருடப் பிள்ளையார் சதுர்த்தியன்று, கோவிட் காலத்தில் மிஞ்சிய மாஸ்க் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு கொழுக்கட்டை செய்ய இறங்கினேன்.

"ஆபரேஷன் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டு, என் கணவர் சுரேஷ் பூ வாங்கக் கிளம்பினார்.

ஃப்ரீசரைத் திறந்தேன். நம் வீட்டு ஃப்ரீசர்களின் லட்சணம் தெரிந்ததுதான். எல்லாம் தயிர் டப்பா. உள்ளே தயிரைத் தவிர எது வேண்டுமானாலும் இருக்கும். வெள்ளையாக உறைந்திருந்த ஒரு டப்பாவைத் தேங்காய்த் துருவல் என்று எடுத்து வெல்லப் பாகில் கொட்டிக் கிளறினேன். கொஞ்சம் கொழகொழவென்று வந்தது. இளந்தேங்காய் போலிருக்கிறது என்று ஏலக்காயைக் கூடுதலாகப் போட்டேன்.

கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தபோது அடுத்த தெரு செல்வி வந்தாள். கரூர்ப் பெண். அவள் கணவர் கார்த்தி விசா ஸ்டாம்பிங்குக்காக இந்தியா போனவர், அங்கேயே மாட்டிக்கொண்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் கையில் ஒரு டப்பா சுண்டல்.

"அக்கா, அவரு நல்லபடியா வந்து சேரணும்னு வேண்டிக்கிட்டுச் செஞ்சேனுங்க. உங்க பிள்ளையார்கிட்ட வச்சிருங்க. உப்பெல்லாம் பாத்துட்டேன், சரியா இருக்கு."

"உப்புப் பாத்தியா? அப்போ அது எச்சில், செல்வி. சாமிக்கு வைக்க முடியாது. கவுன்ட்டர்ல வச்சிடு, அப்புறம் நாம சாப்பிட்டுக்கலாம்."

அவள் முகம் சுருங்கிப்போனது. மாஸ்க் மூக்கைத்தான் மூடியிருந்தது, கண்ணை இல்லை. பார்த்தும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

டப்பாவைக் கவுன்ட்டரில் வைத்தவள், "அக்கா, பூண்டு வாசம் அடிக்குதுங்களே" என்றாள்.

"பக்கத்து வீட்ல பாஸ்தா பண்றாங்க போல."

"இல்லீங்க்கா, அடுப்புல இருந்துதான் வருது. ஒண்ணு பிட்டு வாயில போட்டுப் பாக்கட்டுங்களா?"

"சாமிக்கு முன்னாடியா?" என்று நான் கேட்ட தோரணையில் அவள் ஹாலுக்கே போய்விட்டாள்.

மூன்று குடும்பங்கள் வந்திருந்தன. இருபத்தோரு கொழுக்கட்டைகளை வெள்ளித் தட்டில் அடுக்கி, நாற்பது நிமிடம் மாஸ்க்கோடு சுலோகம் சொன்னேன். (பிள்ளையாருக்கு ஒரு வார்த்தை விளங்கியிருக்காது.) நைவேத்தியம் ஆனதும்தான் கழற்றினேன். வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. வேறு எந்த வாசனையும் என் மூக்குக்கு எட்டவில்லை.

முதல் கொழுக்கட்டை, மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த ரமணி அங்கிளுக்கு. கடித்தார். மென்றார். வெகுநேரம் மென்றார்.

"வித்தியாசமா இருக்கும்மா. எந்த ஊர்ப் பக்குவம்?"

"எங்க வீட்டுப் பக்குவம், அங்கிள்" என்றேன் பெருமையாக.

என் மகள் மாயாவுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். நாசூக்கு எந்த மொழியிலும் கிடையாது. "அம்மா, திஸ் இஸ் லைக் ஸ்வீட் கார்லிக் பிரெட். கேன் ஐ ஹேவ் கெச்சப்?"

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். சுரேஷ் என் காதருகே வந்து, "அது நான் அரைச்சு வச்ச பூண்டு டப்பாம்மா" என்றார்.

பண்டிகை நாளில் ரசத்தில்கூடப் பூண்டு சேர்க்காதவள் நான். அதையே பூரணமாக வைத்து, இருபத்தொன்று எண்ணிப் பிள்ளையாருக்கு ஊட்டியிருக்கிறேன். அவருக்குப் போக வேண்டிய வாசனையை நான் திருடிவிடக் கூடாதென்று இரண்டு மாஸ்க் வேறு.

செல்விதான் கவுன்ட்டரிலிருந்து சுண்டல் டப்பாவை எடுத்து வந்தாள். "அக்கா, இத எல்லாருக்கும் குடுத்துரட்டுங்களா?"

"இரு. முதல்ல அவருக்கு" என்று வாங்கிப் பிள்ளையார் முன் வைத்தேன்.

"எச்சிலுங்களேக்கா" என்றாள். அப்பாவியாகச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நான் வச்சதுக்கு இது எவ்வளவோ தேவலை, செல்வி. என்னை மன்னிச்சிடு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அவர அனுப்பி வச்சிரு சாமி" என்றாள். அவ்வளவுதான் அவள் பூஜை. நாற்பது நிமிடத்தில் நான் பிள்ளையாரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

கார்த்தி மறுநாளே வந்து இறங்கிவிடவில்லை, பொங்கலுக்குத்தான் வந்தார். இப்போதெல்லாம் எங்கள் வீட்டு நைவேத்தியத்துக்கு உப்புப் பார்ப்பது செல்விதான். ஃப்ரீசரில் ஒரு தயிர் டப்பாவின் மேல், தமிழ்ப் பள்ளியில் படித்ததை முதன்முதலாகப் பயன்படுத்தி மாயா எழுதி ஒட்டியிருக்கிறாள்: "இது பூண்டு. அம்மா, மோந்து பார்."

ஒவ்வொரு சதுர்த்திக்கும் கார்த்தி கொழுக்கட்டையைப் பிட்டு, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு சொல்வார்:

"என்னங்க்கா, பூண்டு வாசத்தையே காணோமுங்க, இந்த வருசம் பிள்ளையாருக்குப் பத்தியச் சாப்பாடுங்களா?"