காக்கை வலைச் சதி

தோக்கியோவில் ரகசியத் தொடர்பு ஆய்வுப் பிரிவு தொடங்கி மூன்று வருடமாகியும் ஒரு தீவிரவாதிகூட அகப்படவில்லை. நாட்டுக்கு நல்ல செய்திதான். பிரிவுத் தலைவர் நகுமோவுக்குத்தான் கெட்ட செய்தி. மார்ச்சுக்குள் ஒரு கும்பலாவது சிக்காவிட்டால் பிரிவை மூடிவிட்டு, அவரை வடகோடித் தீவுக்கு அனுப்புவதாக மேலிடம் மிக்க பணிவன்புடன் தெரிவித்திருந்தது.

ஆய்வின் தத்துவம் எளிது. யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கோடு போட வேண்டும். கோடுகள் கூடுமிடத்தில் தலைவன் இருப்பான். கோடே இல்லையென்றால் ரொம்ப உஷாரான கும்பல் என்று அர்த்தம்.

"சார், சிக்கிருச்சு," என்றாள் உதவியாளர் மினெகிஷி, வரைபடத்தில் ஒரு தெருவைக் காட்டி. "இந்தத் தெருவுல யாரும் யாரோடயும் போன் பேசறதில்ல. ஆனா ஒரு மரப்பலகை மட்டும் வீடு வீடாப் போவுது. பக்கத்து வீட்டுக் கதவுல மாட்டிட்டு சத்தமில்லாம வந்துடறாங்க."

"பலகை வந்த வீட்டுக்காரன் என்ன பண்றான்?"

"விடியக்காலம் தெருமுனையில நீல வலைய விரிக்கறான். அண்ணாந்து பாக்கறான். போயிடறான்."

அது குப்பைமுறைப் பலகை. முறை வந்தவர் குப்பைப் பைகளைக் காக்கை கிழிக்காமல் வலை போட்டு மூட வேண்டும். குப்பை கொட்டும் எவருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் முதல் ரயிலில் ஆபீஸ் போய்க் கடைசி ரயிலில் திரும்பும் நகுமோ ஆயுளில் குப்பை கொட்டியதில்லை. அடுக்குமாடி விடுதியில் இருக்கும் மினெகிஷிக்கோ குப்பை தானாக மறைந்துவிடும்.

முறை வகுத்துப் பலகையைச் சுற்றவிட்டவர் பல் வைத்தியர் டொமியோகா அம்மாள். "தெருவே அந்தம்மா முன்னாடிதான் வாயத் திறக்குது, சார்," என்றாள் மினெகிஷி. உடனே கைது.

"வலை எதுக்கு?" என்று அந்தம்மாளை விசாரணை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டார் நகுமோ.

"காக்காய்க்குங்க."

"காக்காய்ங்கறது யாரு?"

"கருப்பா இருக்கும். பறக்கும்."

விமானப் பிரிவும் உண்டு என்று நகுமோ குறித்துக்கொண்டார். மேலிடம் பூரித்துப்போய்த் தீவு மாற்றலை ரத்து செய்தது.

பலகையைப் பறிமுதல் செய்தபோது, முறைப்படி வீட்டுக்கு வீடு குனிந்து, இரு கையாலும் தன் போன் நம்பர் போட்ட பெயரட்டையை நீட்டிவிட்டு வந்திருந்தார் நகுமோ. பாவி மனுஷன், அங்கேதான் கோட்டை விட்டார். பலகை போனதும் வலை விரிப்பாரில்லை. காக்கைகள் பைகளைக் கிழித்துத் தெருவெல்லாம் மீன்முள்ளாக இறைத்தன. வீட்டுக்கு வீடு பெயரட்டையைத் தேடியெடுத்துப் போன் போட்டார்கள்.

மினெகிஷி புது வரைபடத்தோடு ஓடிவந்தாள். "தலைவியப் பிடிச்சதும் வேற ஆள் தலையெடுத்துட்டான், சார். மொத்தத் தெருவும் ஒரே நம்பருக்குப் பேசுது."

"பிடிச்சு உள்ள போடு," என்று நகுமோ கைது உத்தரவில் முத்திரை குத்தினார்.

"யாரு நம்பர்னு பாக்க வேணாமா?"

"கோடு பொய் சொல்லாதும்மா."

சாயங்காலம் டொமியோகா அம்மாள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நகுமோ உட்கார்ந்திருந்தார். உள்விசாரணை அதிகாரி ஷிமோஜோ கேட்டார்: "எல்லாரும் உங்களுக்கு எதுக்குப் போன் பண்றாங்க?"

"குப்பைய எப்ப எடுப்பீங்கன்னு கேக்கறாங்க. சத்தியமா அவ்வளவுதான்."

ஷிமோஜோ 'சங்கேத மொழி' என்று எழுதினார். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானும் அந்தத் தெருதாங்க. வீட்டுல நிம்மதியா இருக்க முடியல. எப்பதான் எடுப்பீங்க?"

பக்கத்து அறையில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த மினெகிஷி வரைபடத்தில் இன்னொரு கோடு போட்டாள்.