பிள்ளையாருக்குப் போன ரோசாக்கள்

சும்மா இருப்பதே சுகம் என்று சொன்னவர், சம்பந்தி வீட்டில் ஒரு விடியற்காலை சும்மா இருந்து பார்த்திருக்க மாட்டார். நான் இருந்து பார்த்தேன். குளித்து முடிக்கும் வரைதான் தாக்குப்பிடித்தேன்.

என் மகள் தர்சி கட்டவிருந்த யோனாஸின் வீடு ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் இருக்கிறது. வீடு என்றால் சாதாரண வீடில்லை, அந்தக் காலத்து மாளிகை. சுற்றிவர வைனுக்கான திராட்சைத் தோட்டம், மேல்மாடியில் விருந்தினருக்கு வாடகை அறைகள். அதில் ஒன்றில்தான் எங்களைத் தங்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு குடும்பமும் முதன்முதல் சந்திக்கும் வார இறுதி அது. நாங்கள் இருக்கும் வுப்பர்டாலில் கார் கிளம்பியதிலிருந்து தர்சி எனக்கு வகுப்பெடுத்தாள்.

"அப்பா, அங்கை எல்லாம் பழைய சாமான். ஒண்டையும் தொடாதேங்கோ, திருத்தாதேங்கோ. ரெண்டு நாள் பேசாமல் இருங்கோ. அவையளுக்கு எங்களைப் பிடிக்கவேணும்."

"ஓம், ஓம்," என்றேன். (காலமெல்லாம் தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிறவனிடம் கேட்கிற வாக்குறுதியா இது?)

போய் இறங்கியதும் அறைக்கதவு கிறீச்சிட்டது. மனைவி தலைக்குக் கொண்டுவந்த தேங்காய் எண்ணெயைப் பிணைச்சலில் விட்டேன். கதவு அடங்கியது, நான் அடங்கவில்லை. ஞாயிறு விடியவே முழிப்பு. குளித்துவிட்டு, கையோடு கொண்டுவந்த சின்னப் பிள்ளையாரை மேசையில் வைத்தேன். அப்போதுதான் பார்த்தால், சாமிக்குப் பூ இல்லை.

சாமிக்குப் பூப் பறிக்க யாரிடமும் கேட்கிற வழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை. கீழே முற்றத்துச் சுவரை மூடி ஒரு ரோசாக்கொடி பூத்துக் குலுங்கியது. நாலைந்து பூ என்றுதான் இறங்கினேன். சும்மா இருந்த கைக்கு வேலை கிடைத்தால் நிற்குமா? எட்டாத பூவுக்கு ஏணி வேறு சாத்தியிருந்தது. கொண்டுபோன பை நிரம்பி வழிந்து, சுவரில் ஒரு பூவும் மிஞ்சாதபோதுதான் மனம் ஆறியது.

காலைச் சாப்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். முற்றத்தில் ஓர் அலறல். யோனாஸின் அம்மா கிறிஸ்டா. வருடத்தில் ஒருமுறைதான் அந்தக் கொடி பூக்குமாம். அதைப் பார்க்க அன்றைக்கு ஊர்ச்சனமே வரப்போகிறதாம்.

"கள்ளர்! பொலீசைக் கூப்பிடு!" என்று மகனிடம் ஜெர்மனில் கத்தினார்.

தர்சி மொட்டைச் சுவரைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த முள்ளுக்கீறல்களைப் பார்த்தாள்.

"அப்பா... நீங்களோ?"

"சாமிக்குத்தானே பிள்ளை..."

"ஐயோ! எல்லாம் முடிஞ்சுது!" என்று அழத் தொடங்கிவிட்டாள்.

பிள்ளையின் கலியாணத்தை நானே குழப்பிவிட்டேனே! நேராகக் கிறிஸ்டாவிடம் போய், "நான்தான் கள்ளன். மேலே வந்து பாருங்கள்," என்றேன்.

அவர் என் பின்னால் படியேறி வந்தார். அறைக்கதவைத் தள்ளியவர் அப்படியே நின்றார்.

"இந்தக் கதவு சத்தம் போடுமே?"

"அதுவும் நான்தான்."

உள்ளே மேசை முழுக்க ரோசா. பிள்ளையாரின் தும்பிக்கை மட்டும் வெளியே தெரிந்தது, மூச்சு விடுவதற்கு. போதாக்குறைக்கு எங்கள் பின்னால் வந்து நின்ற மனைவியின் கொண்டையிலும் இரண்டு பூ. கிறிஸ்டா பிள்ளையாரைப் பார்த்தார், கொண்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"சனம் ரோசா பார்க்க வருகிறது. மேசையைக் கீழே தூக்கிக்கொண்டு போங்கள். வருகிறவர்களுக்கு நீங்களே விளக்கம் சொல்லுங்கள்."

பின்னேரம் வரை அந்த மொட்டைச் சுவரடியில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர் ஒவ்வொருவரிடமும் களவை ஒப்புக்கொண்டேன். நடுவில் ஒரு கிழவர் ஏன் யானைக்கு இத்தனை பூ என்று கேட்க, நான் விநாயகர் பிறந்த கதையை முதலிலிருந்து தொடங்கினேன். அப்போதுதான் கிறிஸ்டா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அவர் சிரித்ததைக் கண்ட பிறகுதான் தர்சி சாப்பிட்டாள்.

கலியாணம் போன கோடையில் அதே முற்றத்தில் நடந்தது. (மாலைக்குப் பூ கடையில்தான் வாங்கினோம்.) சுவரடியில் இப்போது பூப் பறிக்க வேண்டாம் என்று ஜெர்மனில் ஒரு பலகை இருக்கிறது. அதன் கீழே, கிறிஸ்டா கேட்டுத் தர்சி தமிழில் எழுதிய ஒரு வரி. தங்க வருகிறவர்கள் அதை ஏதோ பழைய கவிதை என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

"அப்பா, கையை எடுங்கோ."