ஆள்காட்டிக் குருவி திருந்திய கதை

ஒரு காட்டில் எல்லாரும் கத்திக்கொண்டே இருந்தார்கள். அது கெட்ட காடு. குரங்கு கிளையில் இருந்து கத்தும். மான் குளம்பைத் தட்டிக் கத்தும். மைனாக்கள் கூட்டமாகச் சேர்ந்துகொண்டு கத்தும். நரி புதருக்குள் இருந்து மூக்கை நீட்டினால் போதும், காடு முழுக்க ஒரே அமளி. பாவம் நரி, இளைத்துத் துரும்பாகி, ஓடையில் நண்டு பிடித்துத் தின்று காலத்தை ஓட்டியது.

அந்தக் காட்டுக்கு வெள்ளையப்பர் வந்து சேர்ந்தார். அவர் ஒரு பண்ணைக் கோழி. ரோட்டில் போன வண்டியிலிருந்து கூண்டு சரிந்து விழ, உருண்டு புரண்டு உள்ளே வந்தவர். பறக்கத் தெரியாது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். ஆனால் மேலெல்லாம் அப்படி ஒரு வெள்ளை. இவ்வளவு வெள்ளையாக இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று காடு நம்பியது.

"நான் வளர்ந்த இடத்துல ஆயிரக்கணக்குல பிள்ளைங்க. ஒரு சத்தம் இருக்காது," என்றார் வெள்ளையப்பர். "தின்னுன்னா தின்போம். விளக்கை அணைச்சா தூங்குவோம். வளர்ந்து ஆளானதும் வாசலுக்கே வண்டி வரும். மேல்படிப்புக்கு ஏத்திட்டுப் போகும்."

"மேல்படிப்புக்குப் போனவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று ஒரு மைனா கேட்டது.

"ஒருத்தர்கூடத் திரும்பி வரலை. அவ்வளவு நல்ல வேலை."

பெற்றோர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுவாரமே புங்கமரத்தடியில் பள்ளிக்கூடம் தொடங்கியது. வெள்ளையப்பர்தான் ஹெச்.எம்.

விதிகள் எல்லாம் நல்ல விதிகள்தான். கையைக் கட்டு, வாயில் விரலை வை. விரல் இல்லாதவர்கள் றெக்கையை வைக்கலாம். பிரேயரில் கண்ணைத் திறக்காதே. பேச வேண்டுமென்றால் கையைத் தூக்கு. அனுமதி கிடைத்தால் பேசு. கிடைக்காவிட்டால் கையைத் தூக்கியபடியே இரு. கழுத்தில் அடையாள அட்டை இல்லாதவர் வாசலைத் தாண்டக் கூடாது. சார் இல்லாத நேரத்தில் பேசுபவர் பெயரை வகுப்புத் தலைவர் கரும்பலகையில் எழுதுவார். எழுதிய பிறகும் பேசினால், பெயருக்குப் பக்கத்தில் 'அடங்கவில்லை' என்று சேர்ப்பார்.

அந்தப் பலகையில் தினமும் இருந்த பெயர் செவத்தாள். அவள் ஆள்காட்டிக் குருவியின் மகள். வெட்டவெளித் தரையில் முட்டையிடும் சாதி அது. மறைக்க ஒரு கூடு கிடையாது, சண்டைக்குக் கொம்பு கிடையாது; இருப்பதெல்லாம் தொண்டை ஒன்றுதான். தூரத்தில் ஆள் நிழல் தெரிந்தால் கத்தும். அந்தக் கத்தலில்தான் அதன் குஞ்சும் பிழைக்கும், பக்கத்து வீட்டுக் குஞ்சும் பிழைக்கும். இதெல்லாம் பாடத்தில் வராது என்பதால் பள்ளிக்கூடம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை, பிரேயர் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நரி வந்து நின்றது. கழுத்தில் அட்டை தொங்கியது. அட்டையில் இருந்த படம், போன வாரத்திலிருந்து பள்ளிக்கு வராத ஒரு வாத்துக் குஞ்சினுடையது. காவலுக்கு இருந்த ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"அட்டை இருக்கு. உள்ள போங்க சார்."

பிள்ளைகள் கண்ணை மூடியிருந்தார்கள். ஹெச்.எம்.மும் மூடியிருந்தார். கடைசி வரிசையில் நின்ற முயல்குட்டி பஞ்சுவின் பின்கழுத்தருகே நரி வாயைக் கொண்டுபோனது. அவன் செவத்தாளின் கூட்டாளி. மதியம் அவள் பறித்த புல்லை அவனுக்கும், அவன் பொறுக்கிய புழுவை அவளுக்கும் மாற்றிக்கொள்வார்கள். செவத்தாள் எப்போதும் போல ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

"டேய் நரி! நரிடா! ஓடுறா பஞ்சு!"

அவ்வளவுதான். பஞ்சு பெஞ்சு மேல் ஏறிப் பாய்ந்தான். மற்றவர்களும் நாலு திசைக்கும் சிதறினார்கள். நரி பல்லில் ஒட்டிய முயல் ரோமத்தைத் துப்பிக்கொண்டு வெளியே போனது.

அன்று சாயங்காலமே விசாரணை.

"பிரேயர்ல கண்ணைத் திறந்தியா?"

"ஆமா சார். நரி..."

"கையைத் தூக்கி அனுமதி கேட்டியா?"

"இல்ல சார். அதுக்குள்ள பஞ்சுவை..."

"வந்தவரை 'டேய்'னியா?"

செவத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அட்டை போட்டு முறையா வந்த விருந்தாளி. அவரை டேய்ங்கறா! அம்மாவைக் கூட்டிட்டு வா. இல்லேன்னா டி.சி.யை வாங்கிட்டுப் போய்க்கிட்டே இரு."

மறுநாள் தாய் வந்தாள். அட்டை இல்லாததால் ஆமை அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அங்கிருந்தபடியே கும்பிட்டாள்.

"சார், இந்த ஒரு தடவை மன்னிச்சுடுங்க. நான்தான் வெயிலும் மழையும் பட்டுத் தரையில கிடக்கிறேன். இவளாவது நாலு எழுத்துப் படிச்சு நிழல்ல உட்காரட்டும் சார்."

பக்கத்தில் பஞ்சுவின் தாயும் நின்றிருந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று தாய்க் குருவி நினைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, உன் மக வாயை அடக்கவே மாட்டியா?" என்றாள் முயல்காரி. "அவ கத்தினதாலதானே என் பையன் பெஞ்சு மேல ஏறி ஓடினான்? பெஞ்சு மேல ஏறுனதுக்கு அவனை வெயில்ல முட்டி போட வச்சிருக்காங்க! நாளைக்கு நடத்தைச் சான்றிதழ்ல என்னத்தைப் போடுவாங்களோ!"

"அக்கா, உம் புள்ள உசுரோட இருக்கான்ல?"

"உசுரு எல்லாருக்கும்தான் இருக்கு. ஒழுக்கம் இருக்கா?"

குருவிக்குப் பதில் தெரியவில்லை. அவள் படிக்காதவள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தாய் அழுதாள். "கண்ணு, அங்க எது நடந்தாலும் நீ பார்க்காத. பார்த்தாலும் சொல்லாத. அம்மாவுக்காக." காலையில் மகளின் அலகைக் கோரைப்புல்லால் கட்டி அனுப்பினாள்.

செவத்தாள் வாயே திறக்கவில்லை. வயிறு வலித்தாலும் றெக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நாளில் கோரைப்புல்லுக்கும் வேலை இல்லாமல் போனது. நரி ஓடைப்பக்கம் நடமாடியபோது அவள் தொண்டையில் ஏதோ கிளம்பத்தான் செய்தது; தண்ணீர் குடித்து இறக்கிவிட்டாள். மதியம் புல்லும் புழுவும் மாற்றிக்கொள்ளும்போதுகூட அவளும் பஞ்சுவும் பேசவில்லை. அதற்கும் பலகையில் பெயர் ஏறுமே.

வெள்ளையப்பருக்குப் பெருமை தாங்கவில்லை. அடங்காத பிள்ளையை அடக்கினால் அதையே தலைவராக்குவது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ள வழக்கம்தானே. சாக்பீஸை எடுத்து அவள் காலில் கொடுத்தார்.

"இனி நீதான் லீடர். யாரு பேசினாலும் எழுதணும். ஆள் பார்க்காம எழுதணும். தெரிஞ்சுதா?"

செவத்தாள் தலையாட்டினாள்.

ஆண்டு விழா வந்தது. ஒழுக்கத்துக்குப் பரிசு கொடுக்கப் பெரிய மனிதர் ஒருவர் வேண்டுமே? போன தடவை அவமானப்பட்டுப் போன விருந்தாளிக்கே அழைப்பு அனுப்பினார் வெள்ளையப்பர். சமாதானம் செய்த மாதிரியும் ஆகும். நரி வந்தது. இப்போது கழுத்தில் ஒரு கொத்து அட்டைகள். ஆமை எழுந்து நின்று வணக்கம் வைத்தது.

"என் பிள்ளைங்களைப் பாருங்க சார்," என்றார் வெள்ளையப்பர், மேடையில் நெஞ்சை நிமிர்த்தி. "இடியே விழுந்தாலும் ஒரு சத்தம் வராது."

"அப்படியா?" என்றது நரி.

"நீங்களே சோதிச்சுப் பாருங்க."

நரி சபையைச் சுற்றிலும் பார்த்தது. மெலிந்த முயல்கள், எலும்பும் தோலுமாக மைனாக்கள். பிறகு பக்கத்தில் பார்த்தது. பண்ணைத் தீவனத்தில் பொதபொதவென்று வளர்ந்த உடம்பு. லபக்கென்று வெள்ளையப்பரின் காலைக் கவ்வி இழுத்தது.

"ஐயோ! கத்துங்கடா! யாராவது கத்துங்கடா!"

பிள்ளைகள் கையைக் கட்டி, வாயில் விரலை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சு மட்டும் கையைத் தூக்கினான். அனுமதிக்காகக் காத்திருந்தான்.

"செவத்தா! உன் தொண்டைக்குக் காடே திரண்டு வருமே! கத்துடி!"

செவத்தாள் எழுந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. பலகைக்குப் போய் அழகான கையெழுத்தில் எழுதினாள்: வெள்ளையப்பர்.

"அனுமதி கொடுத்துட்டேன்! எல்லாருக்கும் அனுமதி! கத்துங்க!" என்று மேடைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

பெயருக்குப் பக்கத்தில் செவத்தாள் சேர்த்து எழுதினாள்: அடங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டார்.

பெற்றோர்கள் கூடிப் பேசினார்கள். இவ்வளவு கட்டுப்பாடான பள்ளிக்கூடத்தை மூடவா முடியும்? அட்டை நிறைய வைத்திருப்பவர் யார் என்று பார்த்து, நரியையே ஹெச்.எம். ஆக்கினார்கள். பக்கத்துக் காட்டிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இடம் கிடைக்காத ஒரு கௌதாரி சிபாரிசுக்கு அலைந்தது. முதலில் பஞ்சு மேல்படிப்புக்குப் போனான். முயல்காரி ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அப்புறம் மைனாக்கள் போனார்கள்.

ஒருநாள் சாயங்காலம் தாய்க் குருவி மகளைக் கூட்டிப்போக வந்தாள். வழக்கம்போல வாசலிலேயே நின்றாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். உள்ளே ஒரு சத்தம் இல்லை. மகள் குரல் மருந்துக்கும் இல்லை.

"முன்னெல்லாம் ஊருக்கே கேட்கும்," என்றாள் ஆமையிடம், பூரிப்போடு. "எவ்வளவு திருந்திட்டா பாருங்க என் பொண்ணு!"

ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

நீதி: தின்னப்பட்ட பிள்ளையின் டி.சி.யிலும் நடத்தை 'நன்று' என்றே இருக்கும். ஆகவே குழந்தைகளே, வாயில் விரல்.